தொட்டிப் பாடம்

மாலை ஆறரை மணி. பேய்க்கு அது நேரமே இல்லை, எனக்கும் தெரியும். டீக்கடையில் பஜ்ஜி போடுகிற நேரம். ஆனால் கார்த்திகை மாதம்... ஞாயிற்றுக்கிழமை... விட்டு விட்டுத் தூறல். ஆம்பூர் பைபாஸிலிருந்து பாலாற்றுப் பக்கம் பிரிகிற தோல் ஷாப் ரோட்டில் அதற்குள் நன்றாக இருட்டிவிட்டது. தோல் பதனிடுகிற ஆலையைத்தான் இங்கே ஷாப் என்பார்கள். மற்ற நாளில் அந்த ரோடு தூங்காது. தோல் ஊறுகிற மரப் பீப்பாய்கள், டிரம் என்பார்கள், அவை சுற்றுகிற சத்தம் மதில் தாண்டிக் கேட்டுக்கொண்டே இருக்கும். கடகட... கடகட... அன்றைக்கு எல்லாம் நின்றிருந்தது. ஒரே ஒரு ஸ்கூட்டியின் சத்தம் மட்டும்.

ஓட்டிக்கொண்டு போனவள் நிஷா. நம் வெல்டிங் பட்டறை ஜான்சன் இருக்கிறானே, அவனுடைய அக்கா மகள். இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறாள், பயப்படாதீர்கள். திமிரிப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். கரும்பலகை, சாக்பீஸ், அவ்வளவுதான். கம்ப்யூட்டர் அறை இருக்கிற வராந்தாவில்கூட நடக்கமாட்டாளாம்.

அந்தப் பின்பக்கக் கதவை யாராவது சாத்துங்கள். சாத்திவிட்டு நெருங்கி உட்காருங்கள்.

அப்போது அவள் வேலூரில் இன்ஜினியரிங் கடைசி வருடம். கண்ணில் ஒரு கறுப்பு டப்பாவை மாட்டிக்கொண்டால் வேறு எங்கேயோ நிற்கிற மாதிரி இருக்குமே, அந்த விஆர் ஹெட்செட். அதன்மேல் அவளுக்கு அப்படி ஒரு பைத்தியம். மற்றவர்கள் அதில் துப்பாக்கி விளையாடிக்கொண்டிருந்தபோது, இதை வைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தால் என்ன என்று யோசித்தவள் அவள். அவளுடைய அப்பா அந்தோணி வேலை செய்கிற ஷாப்பில் பாதுகாப்பு விதிகளை ஒரு பெரிய போர்டில் எழுதி வைத்திருந்தார்கள். முழுக்க இங்கிலீஷ். அந்தோணி அந்த போர்டு ஆணியில் துண்டு காயப்போடுவார். படிக்கத் தெரியாதவன் எழுத்தில் படிக்கவேண்டாம், கண்ணால் பார்க்கட்டும், ஒருமுறை பார்த்தால் மறக்கமாட்டான்... இதுதான் அவள் எண்ணம். நல்ல எண்ணம். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

அவள் எடுத்துக்கொண்டது தொட்டியை. தோல் கழுவிய தண்ணீரெல்லாம் போய் விழுகிற நிலத்தடித் தொட்டி. அடியில் கறுப்பாகச் சேறு படியும். அதிலிருந்து விஷவாயு கிளம்பும். உள்ளே இறங்குகிறவனுக்கு முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். பிறகு சட்டென்று நாற்றம் நின்றுவிடும். வாயு போய்விட்டது என்று நினைப்பான். போனது வாயு இல்லை, அவன் மூக்கு. அடுத்து அவன்.

அவள் செய்த பாடம் ரொம்பச் சின்னது. டப்பாவை மாட்டினால் நீங்கள் தொட்டி வாயில் நிற்பீர்கள். இரும்பு ஏணி, வாளி, கயிறு, எல்லாம் இருக்கும். ஏணியில் கால் வைத்தால் உலகமே கறுப்பாகிவிடும். சத்தம்கூட இருக்காது. சரியான விடை ஒன்றுதான். இறங்காமல் திரும்பி நடக்கவேண்டும். உறிஞ்சுகிற லாரியைக் கூப்பிடு என்று ஒரு குரல் சொல்லும். சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

அந்த ஷாப் மேனேஜர் கோதண்டராமன் இதைப் போட்டுப் பார்த்தார். ஹெட்செட்டுக்குப் பணம் கட்டியது கம்பெனிதான். கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"இறங்காதேன்னு சொல்லித் தர்றதுக்காம்மா நாங்க டப்பா வாங்கிக் குடுத்தோம்? அப்புறம் எவன் இறங்குவான்? முறையா எப்படி இறங்கறதுன்னு காட்டு. பெல்ட்டு, மாஸ்க்கு, கயிறு. எல்லாம் மாட்டினா பச்சை டிக் விழட்டும்."

"சார், ஷாப்புல பெல்ட்டு, மாஸ்க்கு எதுவுமே இல்லியே சார்."

"உன் டப்பாக்குள்ள இருந்தா போதும்" என்றார். பிறகு, ரொம்ப மரியாதையாக, "நீ நம்ம அந்தோணி பொண்ணுதானே?" என்று கேட்டார்.

அவ்வளவுதான் கேட்டார். பேராசிரியரிடம் போய் முறையிட்டாள். ஸ்பான்சர் சொல்றபடி பண்ணிடும்மா, ப்ராஜெக்ட் முடியணும் இல்லியா என்று அவரும் கையைக் கழுவிக்கொண்டார். நிஷா அழுதுகொண்டே மாற்றினாள். ஏணியில் கால் வைத்தால் கறுப்பாகிற பாடம், ஏணியில் இறங்குகிற பாடமாயிற்று.

அதைச் சோதித்துப் பார்க்கத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை போனாள். ஹெட்செட் கம்பெனிச் சொத்து, வெளியே எடுத்துப்போக விடமாட்டார்கள்.

வாட்ச்மேன் ஹெட்செட் இருந்த அறையைத் திறந்துவிட்டு கேட்டுக்குப் போய்விட்டார். பழைய கெமிக்கல் ஸ்டோர் அது. ஒரு டியூப்லைட், மேஜை, ஜன்னலுக்கு வெளியே தூறல். டப்பாவை மாட்டிக்கொண்டாள். தொட்டி வாய் வந்தது. பெல்ட், பச்சை டிக். மாஸ்க், பச்சை டிக். கயிறு, பச்சை டிக். ஏணியில் இறங்கினாள். கீழே வந்து இடதுபக்கம் திரும்பினாள்.

மூலையில் ஒரு ஆள் நின்றிருந்தார்.

மடித்துக் கட்டிய லுங்கி. பனியன். முழங்கால் வரைக்கும் சேறு. முகத்தை நிமிர்த்தி மேலே தொட்டி வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அசையவில்லை. வாய் மட்டும் மெதுவாகத் திறந்து... மூடி... திறந்து...

நிஷா பயப்படவில்லை. கோபம்தான் வந்தது. கூடப் படிக்கிற பரணிதரன் விளையாடியிருக்கிறான் என்று நினைத்தாள். டப்பாவைக் கழற்றி அவனுக்குப் போன் போட்டாள்.

"தொட்டிக்குள்ள எதுக்குடா ஆளை வெச்சிருக்கே?"

"நான் எங்க வெச்சேன்? நான் சவுண்டு மட்டும்தானே பண்ணினேன். ஆளுக்கு மாடலே நம்மகிட்ட கிடையாதே, நிஷா."

மடிக்கணினியில் பார்த்தாள். ஏணி இருந்தது, வாளி இருந்தது, கயிறு இருந்தது. ஆள் இல்லை. தொட்டி காலியாக இருந்த ஒரு நாள், நீளக் கம்பில் கேமராவைக் கட்டி உள்ளே விட்டு, சுற்றிலும் படம் பிடித்து, அதை வைத்துத்தான் சுவரெல்லாம் செய்திருந்தாள். அந்தப் படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வெறும் சுவர்.

மறுபடி மாட்டினாள். இந்தத் தடவை அவர் மூலையில் இல்லை. ஏணிக்குப் பக்கத்தில் வந்துவிட்டிருந்தார். இடது புருவத்தில் ஒரு தழும்பு, புருவத்தை இரண்டாக வெட்டின மாதிரி. அப்போதுதான் அவளுக்கு நாற்றம் அடித்தது. அழுகிய முட்டை. டப்பாவில் படம் வரும், சத்தம் வரும். நாற்றம் எங்கேயிருந்து வரும்? பக்கத்தில் உண்மைத் தொட்டி இருக்கிறதே, அதுவாக இருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

அடுத்த நொடி நாற்றம் நின்றுவிட்டது. சுத்தமாக... ஒன்றுமே இல்லை.

டப்பாவைப் பிய்த்து எறிந்துவிட்டு ஓடினாள். வாட்ச்மேன் குடையோடு கேட்டில் நின்றிருந்தார். "இன்னாம்மா ஆச்சு?" என்றார். ஸ்கூட்டியை உதைத்தவள் வீட்டில் வந்துதான் நிறுத்தினாள்.

அந்தோணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னாள். அவர் பாட்டுக்குச் சாப்பிட்டார். புருவத் தழும்பைச் சொன்னபோது கை நின்றுவிட்டது.

"முனிரத்தினம்" என்றார்.

யாருப்பா அது என்று கேட்டாள். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நீ ஸ்கூல் படிக்கச்சே அந்தத் தொட்டில இறங்கினவன். தூக்கினு வந்து கேட்டுக்கு வெளியே ரோட்டுல படுக்க வெச்சாங்க. நெஞ்சு வலின்னு எழுதிட்டாங்க. அவ்வளவும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "வெளிய பேசாத. பேஜாராய்டும்" என்றார். தட்டில் மிச்சம் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு எழுந்து கை கழுவினார்.

சரி, அவள் பாடத்தை நிறுத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். என்ன சொல்லி நிறுத்துவாள்? உள்ளே பேய் இருக்கிறது என்று பேராசிரியரிடம் எழுதிக் கொடுப்பாளா? ஃபைலை அழித்துவிட்டு முதலிலிருந்து செய்தாள். புது ஃபைல், புதுச் சுவர். தானே போட்டுப் பார்க்க மட்டும் தைரியம் வரவில்லை. பரணியை விட்டுப் பார்க்கச் சொன்னாள். ஒண்ணும் இல்லியே, சூப்பரா இருக்குது என்றான்.

டிரெய்னிங் நாள் வந்தது. காலைப் பத்து மணி, நல்ல வெயில். டிரம் ஆட்கள், சாயம் போடுகிறவர்கள், தோலைத் தேய்த்துப் பளபளப்பாக்குகிற ஃபினிஷிங் பெண்கள், எல்லாரையும் வரிசையில் நிறுத்தினார்கள். முதலில் போட்டவர் ஒரு வயசான டிரம்காரர். கழற்றினார். முகம் வெளிறிப்போயிருந்தது. டப்பாவை அடுத்தவனிடம் நீட்டினார். அவனும் அப்படித்தான். அடுத்தவனும். சிரிப்பும் கேலியுமாக நின்றிருந்த வரிசை, முன்னால் நகர நகர அமைதியானது.

ஃபினிஷிங்கில் வேலை செய்கிற அஃப்ஸர் ஜஹான் டப்பாவைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். பிறகு நிஷாவின் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"முனிரத்தினம் அண்ணனை இதுக்குள்ள இன்னாத்துக்குமா வெச்சே? செத்தும் அந்த மனுசனை அதே இடத்துலதான் நிக்க வெக்கணுமா?"

கோதண்டராமன் காதில் அது விழுந்துவிட்டது. விடுவிடுவென்று வந்து டப்பாவை வாங்கி மாட்டினார். நிஷா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கட்டும், ஒரே ஒரு தடவை இந்த ஆள் பார்க்கட்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டாளாம்.

அவர் இடதுபக்கம் திரும்பினார், வலதுபக்கம் திரும்பினார், குனிந்து பார்த்தார்.

"யாரு இருக்கா? ஒரு ஈ காக்கா இல்ல. தொட்டி பளிச்சுன்னு இருக்குது. ரொம்ப நல்லா பண்ணியிருக்கம்மா" என்று முதுகில் தட்டிக்கொடுத்தார்.

இறங்குகிறவனுக்கும் அவனைச் சேர்ந்தவர்களுக்கும் தெரிந்தது. இறக்கி விடுகிறவனுக்குத் தெரியவில்லை. அதற்கு மேல் இதில் எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

கடைசியில் வந்தவன் கோபி. சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத பையன், நீல டீ-ஷர்ட், வாய் ஓயாமல் பேசுகிறவன். டப்பாவை மாட்டினான். எல்லாவற்றையும் சரியாகச் செய்தான். பெல்ட், மாஸ்க், கயிறு. பச்சை, பச்சை, பச்சை. கீழே இறங்கியதும் வாய்விட்டுச் சிரித்தான். அந்த வரிசையில் சிரித்தவன் அவன் ஒருத்தன்தான்.

"அக்கா, என்னையும் உள்ள போட்டுட்டியா? அப்படியே நானே! தோஸ்த் மாதிரி அந்த ஆளு என் தோள்ல கை போட்டுகினு நிக்கிறாரு!"

நிஷா அவன் கையிலிருந்து டப்பாவைப் பிடுங்கி மாட்டினாள். ஏணிக்கு அடியில் இரண்டு பேர். புருவத் தழும்பு. பக்கத்தில் நீல டீ-ஷர்ட். இரண்டு பேரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோபியின் வாயும்... திறந்து... மூடி...

அன்றைக்கு அவள் கோபியை கேட்டுக்கு வெளியே நிறுத்திச் சொன்னாள். தொட்டிப் பக்கம் போகாதே, யார் சொன்னாலும் போகாதே, என் மேல சத்தியம் பண்ணு என்று கையை நீட்டினாள்.

"எறங்கமாட்டேன்னு சொன்னா நாளைக்கு கேட்டுக்குள்ள வுடமாட்டாங்கக்கா" என்றான். அவள் அழுவதைப் பார்த்துவிட்டு, "சரி சரி, போகல, போதுமா?" என்று கையில் அடித்துக் கொடுத்தான்.

மேனேஜரிடமும் போய்ச் சொன்னாள். பாடம் தப்பு சார், திருப்பிக் குடுங்க, மாத்தித் தர்றேன் என்று கெஞ்சினாள். அவர் டீ குடித்துக்கொண்டே சொன்னார். "எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சும்மா. பக்கத்து ஷாப்புங்களும் கேட்டாங்க, காப்பி குடுத்துட்டேன். உம்பேருதான் நாலு இடத்துல போவும், சந்தோசப்படு."

மார்கழி மழையில் தொட்டி பொங்கியது. பம்ப் அடைத்துக்கொண்டது. கோபியை இறக்கினார்கள். பெல்ட் இல்லை. மாஸ்க் இல்லை. வாயைச் சுற்றி ஒரு துண்டு, அதுவும் அவனுடைய துண்டு. மேலே கயிறு பிடிக்க வேண்டியவன் தோல் ஏற்றிய லாரி வந்ததென்று கேட்டுக்குப் போயிருந்தான்.

விசாரிக்க ஆட்கள் வந்தார்கள். கோதண்டராமன் ஒரு லேப்டாப்பைத் திறந்து வைத்தார். டிரெய்னிங் அன்றைக்கு எடுத்த வீடியோ. கோபி டப்பாவை மாட்டிக்கொண்டு எல்லாம் சரியாகச் செய்கிறான். பச்சை டிக், பச்சை டிக், பச்சை டிக். பாருங்க சார், பையனுக்கு எல்லாம் தெரியும், முறையா சொல்லிக் குடுத்திருக்கோம், அவனா அவசரப்பட்டு இறங்கிட்டான் என்றார். வந்தவர்கள் தலையாட்டினார்கள்.

கோபியின் அம்மா கண்ணம்மாளும் அங்கேதான் ஓரத்தில் நின்றிருந்தாள். அவளுக்கு டிக்கும் தெரியாது, பெல்ட்டும் தெரியாது. அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எம்புள்ள சிரிக்கிறான் பாரு... யாரைப் பாத்து சிரிக்கிறான்?" என்று கேட்டாள். கோதண்டராமன் லேப்டாப்பை மூடினார். நிஷா அங்கே இருந்தாள். யாரைப் பார்த்து என்று அவளுக்குத் தெரியும். அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கே தன்னிடம் இருந்ததையெல்லாம் அழித்தாள். அழித்து என்ன பயன்? கல்லூரியில் ஒரு காப்பி இருந்தது. ஷாப் ஷாப்பாக எத்தனை காப்பி போயிருந்தது என்று யாருக்குத் தெரியும்? பேராசிரியருக்கு அந்தப் பாடத்தின்மேல் பெருமை தாங்கவில்லை. தொழிலாளர் பாதுகாப்புக்கு மெய்நிகர் உலகம் என்று பேனர் அடித்து, வேலூரில் நடந்த கண்காட்சியில் தனி ஸ்டால் போட்டார். நிஷா வந்து நிற்காவிட்டால் மார்க் கிடையாது. நின்றாள்.

பட்டப்பகல். பெரிய ஹால், நல்ல வெளிச்சம், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கூச்சல். டாக்டருக்குப் படிக்கிறவர்கள் போட்டுப் பார்த்தார்கள், வாத்தியார்கள் போட்டுப் பார்த்தார்கள், கலெக்டர் ஆபீஸிலிருந்து ஒருத்தர் வந்து போட்டுப் பார்த்தார். எல்லாரும் பிரமாதம் என்றார்கள். ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியவில்லை. முதல் பரிசு அவளுக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள். மத்தியானத்துக்கு மேல் நிஷாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. எல்லாம் என் மனப்பிராந்திதானோ என்று. பல நாள் கழித்து அப்போதுதான் ஒரு வாய் சோறு ஒழுங்காக இறங்கியதாம்.

பள்ளிகொண்டாவிலிருந்து ஒரு அரசுப் பள்ளி வந்திருந்தது. ஏழாவது படிக்கிற பெண், பெயர் சௌமியா, எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல். அவளுக்கு டப்பா பெரிசு. நிஷாதான் பின்னால் பட்டையை இறுக்கிவிட்டாள். அவள் ஒவ்வொன்றாகச் செய்தாள், கீழே இறங்கினாள், திரும்பினாள். கையைத் தூக்கி ஆட்டினாள். தெருவில் தெரிந்தவர்களைப் பார்த்தால் ஆட்டுவோமே, அப்படி.

"அக்கா, எங்கப்பா எப்படி இதுல வந்தாரு?"

நிஷா டப்பாவைக் கழற்றி, அந்தப் பெண்ணின் இரண்டு தோளையும் பிடித்து, அப்பா இன்னா வேலை செய்யறாரு என்று கேட்டாள். தோல் ஷாப்புல என்றாள். இப்ப எங்க இருக்காரு? வேலைக்குப் போயிருக்காரு. போன் நம்பர் தெரியுமா? சௌமியா மனப்பாடமாகச் சொன்னாள். நிஷா இரண்டு தடவை தப்பாக அழுத்தினாள். மூன்றாவது தடவை மணி அடித்தது. எடுத்தார். சாதாரணக் குரல். டீ குடித்துவிட்டு வந்த மாதிரி தெம்பான குரல்.

"யாரும்மா? சௌமியாவுக்கு இன்னா ஆச்சு?"

"அவளுக்கு ஒண்ணும் இல்லண்ணா. அண்ணா, தயவுசெஞ்சு தொட்டில இறங்காதீங்க. எந்தத் தொட்டியிலயும் இறங்காதீங்க."

அவர் சிரித்தார். "உனக்கு யாரும்மா சொன்னது? பயப்படாத. போன வாரம்தான் டிரெய்னிங் குடுத்தாங்க. மூஞ்சில ஒரு டப்பாவை மாட்டி எல்லாம் காட்டினாங்க. எனக்கு எல்லாமே பச்சைதான்."

"அண்ணா, அது தப்புண்ணா, அந்தப் பாடம் நான்தான்..."

"தனியா ஒண்ணும் இறங்கலம்மா. உள்ள முன்னாடியே ரெண்டு பேரு நிக்கிறாங்க. யாருன்னு தெரியல, புது ஆளுங்க போல. இரு, கூப்பிடறாங்க..."

போனை அணைக்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார் போலிருக்கிறது. துணி உரசுகிற சத்தம். பிறகு இரும்பு ஏணியில் கால் வைக்கிற சத்தம். டங்... டங்... நிஷா ஹாலுக்கு நடுவில் நின்று, அண்ணா அண்ணா என்று கத்தினாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சௌமியா அவள் சுடிதாரைப் பிடித்து இழுத்தாள். கையை நீட்டினாள்.

"அப்பாதானேக்கா? குடுங்க, நான் பேசறேன்."